சரக்கா, சக்கரமா? ஃபிளைட் சிமுலேட்டர் ஆட்-ஆன் எந்தக் கணினியில் ஓடும்

புனலூரில் இருக்கும் அக்கா மகன் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் செய்தான்.

"மாமா, பிளேன் வந்துடுச்சு. ஆனா மீட்டர் ஒண்ணையும் காணோம்."

பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். கணினியில் விமானம் ஓட்டும் பைத்தியம் பிடித்து இரண்டு வருடம் ஆகிறது. இணையத்தில் கிடைத்த பழைய இலவச விமானம் ஒன்றை இறக்கித் தன் சிமுலேட்டரில் போட்டிருக்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் றெக்கை, வால், பெயிண்ட் எல்லாம் அச்சு அசல். உள்ளே விமானி இருக்கையில் போய் உட்கார்ந்தால், உயரம் காட்டும் மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வட்டம். வேகம் காட்டும் இடத்திலும் கறுப்பு. டவுன்லோடு சரியாக ஆகவில்லையோ என்று மூன்று தடவை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறான்.

டவுன்லோடில் ஒரு குறையும் இல்லை. பாதி விமானம் வந்து பாதி வராமல் போனதற்குக் காரணம் வேறு. அதைப் போனில் சொல்லிப் புரியவைக்கக் கடைசியில் கைகொடுத்தது எங்கள் ஊர் ரயில் பாதை.

செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் நடுவே மலையைக் குடைந்து போட்ட பாதை 1904-ல் திறந்தது. மீட்டர் கேஜ், இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். அகலப் பாதையில் அது 1,676 மில்லிமீட்டர். சமவெளிப் பக்கமிருந்து செங்கோட்டை வரை அகலப் பாதை வந்த பிறகும், மலைக்குள் போகும் பாதை சில வருடங்கள் மீட்டர் கேஜாகவே கிடந்தது. தென்காசிப் பக்கமிருந்து வருகிறவர்கள் செங்கோட்டையில் மூட்டை முடிச்சோடு இறங்கி, வண்டி மாறித்தான் ஆரியங்காவு, தென்மலை போக வேண்டும். 2010-ல் மீட்டர் கேஜ் வண்டி நின்றது. 2018-ல்தான் முழுப் பாதையும் அகலப் பாதையாகி மறுபடி வண்டி ஓடியது.

வண்டி மாறிய அந்தக் காலத்திலும் பலாப்பழத்துக்கு எந்தத் தண்டவாளம் என்ற கவலை இருந்ததில்லை. இந்தப் பெட்டியிலிருந்து இறக்கி அந்தப் பெட்டியில் ஏற்றினால் போய்விடும். பெட்டியின் சக்கரம்தான் போகாது. சிமுலேட்டரில் மேலே சேர்க்கும் ஆட்-ஆன் விஷயமும் இவ்வளவுதான். ஒவ்வொரு ஆட்-ஆனுக்குள்ளும் கொஞ்சம் சரக்கு இருக்கும், கொஞ்சம் சக்கரம் இருக்கும். சரக்கு பெரும்பாலும் எங்கும் போகும். சக்கரத்துக்குத்தான் பாதை பொருந்த வேண்டும்.

எது சரக்கு, எது சக்கரம்?

சிமுலேட்டரோடு வருவது போதாமல் மேலே நாம் சேர்ப்பதெல்லாம் ஆட்-ஆன்தான். புது விமானம், விமானத்துக்குப் புது வண்ணம், திருவனந்தபுரம் விமான நிலையத்தின் கட்டடங்கள், நிஜ வானிலையைக் கொண்டுவரும் புரோகிராம், ஜாய்ஸ்டிக்கை வேலை செய்யவைக்கும் டிரைவர், எல்லாமே. விண்டோஸ், மேக், லினக்ஸ் போன்றவை ஆப்பரேட்டிங் சிஸ்டம். அவைதான் தண்டவாளம்.

விமானத்தின் மேல் பூசிய வண்ணம் வெறும் படக் கோப்பு. விமான நிலையக் கட்டடம், ஓடுபாதை, மரம் எல்லாம் எங்கே என்ன உருவம் நிற்கிறது என்று குறித்துவைத்த தகவல் கோப்பு. விமானத்தின் எடை, றெக்கை நீளம், என்ஜின் சக்தி ஆகியவை எண்களின் பட்டியல். இவை தாமாக ஓடுவதில்லை. சிமுலேட்டர் எடுத்துப் படித்துக்கொள்கிறது. அதனால் இவை சரக்கு. கீழே இருப்பது எந்த விண்டோஸ் என்று இவற்றுக்குத் தெரியவே தெரியாது.

மீட்டருக்குள் முள் எப்படி நகர வேண்டும் என்று கணக்குப் போடுகிற புரோகிராம், ஆட்டோபைலட், வானிலை எஞ்சின், டிரைவர் ஆகியவை சக்கரம். இவை பிராசசர் நேரடியாகப் புரிந்துகொள்ளும் கட்டளைகளாக மாற்றி வைக்கப்பட்டவை. ஆட்-ஆன் ஜிப்பைத் திறந்து கோப்புப் பெயர்களின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். டிஎல்எல், இஎக்ஸ்இ, ஜிஏயு என்று முடிந்தால் அது சக்கரம். எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரின் பிளகின், அதாவது உள்ளே சொருகும் துணைப் புரோகிராம் என்றால் எக்ஸ்பிஎல். ஜிப்புக்குள் இப்படி ஒன்றுகூட இல்லையென்றால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் பற்றிப் பெரும்பாலும் கவலைப்பட வேண்டாம்.

இப்போது மருமகனின் கறுப்பு வட்டங்களுக்கு வருவோம். உடம்பும் பெயிண்டும் சரக்கு, அதனால் வந்து சேர்ந்தன. மீட்டர்கள் ஜிஏயு கோப்புகள். அவை 32 பிட் சக்கரங்கள். அவன் சிமுலேட்டரோ 64 பிட்.

பிட் என்கிற கேஜ்

நினைவக முகவரியை 32 இலக்க இரும எண்ணாக எழுதுவது 32 பிட் புரோகிராம். அது எட்டக்கூடிய முகவரிகள் 2-இன் 32-ஆம் அடுக்கு. அதாவது 4 ஜிபி. கணினியில் 32 ஜிபி ரேம் போட்டிருந்தாலும் அந்த ஒரு புரோகிராமின் கை அதற்கு மேல் நீளாது. 2006-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ், சுருக்கமாக எஃப்எஸ்எக்ஸ், 32 பிட். அதில் கனமான விமானம், நுணுக்கமான விமான நிலையம், பெரிய படக் கோப்புகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நாலு மணி நேரம் பறந்து, தரையிறங்கும் சமயம் பார்த்து "நினைவகம் போதவில்லை" என்று சொல்லி மூடிக்கொள்ளும். போய்ச் சேரும் ஊரின் கட்டடங்களை அது அப்போதுதானே ஏற்றத் தொடங்குகிறது! அந்தத் தலைமுறை சிமுலேட்டர்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு சோகக் கதை வைத்திருப்பார்கள்.

அதனால் எல்லோரும் 64 பிட்டுக்கு மாறினார்கள். எக்ஸ்-பிளேன் 2013 வாக்கில் மாறியது. எஃப்எஸ்எக்ஸின் வழியில் வந்த லாக்ஹீட் மார்ட்டினின் பிரீபேர்3டி, 2017-ல் நான்காம் பதிப்பில் மாறியது. 2020-ல் வந்த புது மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் பிறக்கும்போதே 64 பிட்.

ஆரம்பநிலைக்காரர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். "என் விண்டோஸ் 64 பிட். 64 பிட் விண்டோஸில் 32 பிட் புரோகிராம் ஓடும் என்கிறார்கள். அப்புறம் ஏன் இந்த ஆட்-ஆன் ஓடவில்லை?" நியாயமான கேள்வி. 64 பிட் விண்டோஸ் இரண்டு வகைப் புரோகிராமையும் ஓட்டும், உண்மைதான். ஆனால் தனித்தனியாக ஓட்டும். ஒரே புரோகிராமுக்குள் இரண்டையும் கலக்க விடாது. மீட்டர் கோப்பு தனியாக ஓடுவதில்லை. சிமுலேட்டருக்குள் போய் உட்கார்ந்து அதன் ஒரு பாகமாக ஓடுகிறது. ஆகவே சிமுலேட்டர் 64 பிட் என்றால் அதற்குள் போகும் ஒவ்வொரு சக்கரமும் 64 பிட்டாகத்தான் இருக்க வேண்டும். செங்கோட்டை ஸ்டேஷனில் இரண்டு வகைப் பாதையும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன; அதற்காக ஒரே பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு சக்கரமும் அந்தப் பக்கம் ஒரு சக்கரமும் மாட்ட முடியுமா?

வெளியே நின்று பேசும் ஆட்-ஆன்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எஃப்எஸ்எக்ஸோடு வந்த சிம்கனெக்ட் என்ற வழியில், தனிப் புரோகிராமாக ஓடும் ஒன்று சிமுலேட்டரோடு தகவல் பரிமாறிக்கொள்ளலாம். அது அடுத்த தண்டவாளத்தில் நிற்கும் வண்டி. அதன் கேஜ் என்னவாக இருந்தாலும் ஜன்னல் வழியே பேசிக்கொள்ளலாம். மற்றப் புரோகிராம்கள் சிமுலேட்டரோடு பேச உதவும், பீட் டௌசன் எழுதிய எஃப்எஸ்யுஐபிசி என்ற பிரபலமான கருவியின் வரலாறே இதற்கு நல்ல பாடம். எஃப்எஸ்எக்ஸுக்கு நான்காம் பதிப்பு. 64 பிட் பிரீபேர்3டிக்கு ஐந்தாம் பதிப்பு. 2020 சிமுலேட்டருக்கு வந்த ஏழாம் பதிப்பு, உள்ளே போய் உட்காராமல் வெளியே தனிப் புரோகிராமாகவே ஓடுகிறது. பெயர் ஒன்றுதான் என்று எதையாவது எடுத்துப் போட்டால் வேலைக்காகாது.

இன்னும் பழைய சங்கதி ஒன்று. 1990-களின் ஆட்-ஆன் சிலவற்றில், உள்ளே இருக்கும் கோப்புகள் நல்லவையாகவே இருக்கும், ஆனால் அவற்றைப் பிரித்துப் போடும் செட்டப் புரோகிராம் 16 பிட். 64 பிட் விண்டோஸ் 16 பிட் புரோகிராமைத் தொடவே தொடாது. சரக்கு பழுதில்லை, மூட்டை அவிழ்க்க வந்த ஆள்தான் உள்ளே வர முடியாமல் வாசலில் நிற்கிறான். செட்டப்பை விட்டுவிட்டுக் கோப்புகளை வேறு வழியில் பிரித்தெடுத்துக் கையால் வைத்தால் சில நேரம் வேலை முடிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது இதில் மாட்டிக்கொள்வார்கள். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரின் பெயர் சிஸ்வாவ்64. பெயர் வைத்தவர் நம்மை வம்புக்கு இழுக்கவில்லை. பழைய புரோகிராம்கள் குழம்பக் கூடாது என்று பழைய பெயரை அப்படியே விட்டுவைத்தார்கள். குழப்பம் நமக்கு வந்தது. யாராவது "இந்த டிஎல்எல்லை சிஸ்டம்32-ல் போடு" என்று பழைய குறிப்பு கொடுத்தால், எந்தக் கால விண்டோஸை வைத்து எழுதினார் என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

மேக்கும் லினக்ஸும்

எக்ஸ்-பிளேன் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் ஆட்-ஆனிலும் சரக்கு மூன்றுக்கும் பொதுதான். பிளகின் மட்டும் மூன்றுக்கும் தனித்தனியாக வேண்டும். நல்ல தயாரிப்பாளர் ஒரே ஜிப்பில் மூன்று கோப்புகளையும் வைத்திருப்பார்: வின், மேக், லின் என்று பெயரிலேயே இருக்கும். வின் மட்டும் இருந்தால் மேக்காரர் அந்த விமானத்தை விட்டுவிடலாம். உடம்பு வரும், உயிர் வராது.

மேக்கில் இன்னொரு திருப்பம் உண்டு. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்பைக் கொண்டுவந்தது. இன்டெல் சிப்புக்கு எழுதிய கட்டளைகள் அதற்குப் புரியாது. இடையில் நின்று மொழிபெயர்க்க ரொசெட்டா 2 என்ற ஏற்பாட்டையும் கொடுத்தது. எக்ஸ்-பிளேன் 12 எம் வகைச் சிப்பில் மொழிபெயர்ப்பு இல்லாமல் நேரடியாக ஓடும். ஆனால் நீங்கள் போடும் பிளகின் இன்டெல்லுக்கு மட்டும் செய்தது என்றால்? முன்பு சொன்ன அதே விதிதான்: ஒரே புரோகிராமுக்குள் இரண்டு வகை கலக்காது. பிளகினை விட வேண்டும், அல்லது எக்ஸ்-பிளேன் முழுவதையும் ரொசெட்டா வழியாகத் திறக்க வேண்டும். இரண்டாவதில் வேகம் குறையும். இதைத் தவிர, இணையத்திலிருந்து இறக்கிய பிளகினைச் சந்தேகப்பட்டு மேக் தடுத்து வைப்பதும் உண்டு. அது பொருந்தாமை இல்லை, வெறும் செக்போஸ்ட். பிரைவசி அண்ட் செக்யூரிட்டி அமைப்பில் போய் அனுமதி கொடுத்தால் விட்டுவிடும். யார் செய்த பிளகின் என்று தெரிந்தால் மட்டும் கொடுங்கள்.

புனலூர்ப் பையன்களுக்கு லினக்ஸ் புதிதில்லை. கேரள அரசுப் பள்ளிகளில் கைட் குனு லினக்ஸில்தான் கணினிப் பாடம் நடக்கிறது. என் மருமகனும் வீட்டில் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறான். விண்டோஸில் சரியாகத் தெரிந்த ஒரு விமான நிலையச் சீனரியை அதற்குக் கொண்டுபோனபோது கட்டடங்கள் மேல் படம் ஒட்டவில்லை. சக்கரம் எதுவுமே இல்லாத ஆட்-ஆன், முழுக்கச் சரக்கு. ஒரு மணி நேரம் தேடிய பிறகு தெரிந்தது: உள்ளே ஒரு கோப்பு, பெரிய எழுத்தில் தொடங்கும் பெயருள்ள படத்தைக் கேட்கிறது; ஃபோல்டரில் இருப்பதோ சின்ன எழுத்தில் தொடங்குகிறது. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான். லினக்ஸுக்கு வேறு வேறு. பெயரை மாற்றியதும் சரியாகிவிட்டது. சரக்கு எங்கும் போகும் என்று நான் சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று ஒன்று இல்லாதது எவ்வளவு நிம்மதி என்று அன்றைக்குத் தோன்றியது.

காசு செலவில்லாமல் ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு ஃபிளைட்கியர் இருக்கிறது. 1990-களின் கடைசியிலிருந்து வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருள், மூன்று தளங்களிலும் ஓடும். அதன் விமானங்கள் எக்ஸ்எம்எல் என்ற எழுத்துக் கோப்புகளாலும் நாசல் என்ற சின்ன நிரல்மொழியாலும் ஆனவை. அந்த நிரலைச் சிமுலேட்டரே படித்து ஓட்டுகிறது என்பதால் மீட்டர்கூட அங்கே சரக்குதான். ஒரு விமானம் மூன்றிலும் அப்படியே பறக்கும்.

2020 மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரும் ஏறக்குறைய இந்த யோசனைக்கே வந்தது. பழையபடி டிஎல்எல்லை உள்ளே விடாமல், விமானத்தின் நிரலை வெப்அசெம்பிளி என்ற நடுப்பொதுவான வடிவில் கேட்டு வாங்கி, தன் வேலிக்குள் வைத்து ஓட்டுகிறது. அந்த நிரல் உங்கள் விண்டோஸ் கோப்புகளில் இஷ்டத்துக்குக் கைவைக்க முடியாது. தயாரிப்பாளர்கள் தொடக்கத்தில் முணுமுணுத்தார்கள் என்றாலும் வாங்குகிறவருக்கு இது நல்லது என்பது என் கட்சி. அந்தச் சிமுலேட்டருக்கான ஆட்-ஆனைக் கம்யூனிட்டி ஃபோல்டரில் போட்டால் போதும். ஆனால் எக்ஸ்பாக்ஸில் விளையாடுகிறவருக்கு அந்த ஃபோல்டரே கிடையாது, வெளியே தனியாக ஓடும் புரோகிராமும் கிடையாது. சிமுலேட்டருக்குள்ளேயே இருக்கும் கடையில் கிடைப்பதுதான்.

விண்டோஸ் ஒத்துவந்தும் ஓடாதபோது

பிட் பொருந்தியிருக்கும், சிமுலேட்டர் பொருந்தியிருக்கும், இருந்தும் ஆட்-ஆன் முரண்டு பிடிக்கும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது சிமுலேட்டர் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எழுத விண்டோஸ் எளிதில் விடுவதில்லை. பழைய ஆட்-ஆன் தன் அமைப்புகளை அங்கே எழுதப் போகும். விண்டோஸ் "சரி, எழுது" என்று சொல்லிவிட்டு அதை வர்ச்சுவல்ஸ்டோர் என்ற வேறொரு மறைவிடத்தில் போட்டு வைக்கும். ஆட்-ஆன் எழுதியாயிற்று என்று நினைக்கும், நீங்கள் போய்ப் பார்த்தால் அங்கே எதுவும் மாறியிருக்காது. எஃப்எஸ்எக்ஸ் போன்ற பழைய சிமுலேட்டரைச் சி டிரைவில் நேராக ஒரு தனி ஃபோல்டரில் நிறுவச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது, ஆட்-ஆன் நம்பியிருக்கும் துணைக் கோப்புகள். விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள், டாட்நெட் 3.5 போன்றவை புது விண்டோஸில் தானாக வந்திருக்காது. ஏதோ ஒரு டிஎல்எல்லைக் காணோம் என்று செய்தி வந்தால் பெரும்பாலும் இதுதான். அந்த ஒற்றை டிஎல்எல்லை முகம் தெரியாத தளத்திலிருந்து இறக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து முழுத் தொகுப்பையும் போடுங்கள்.

கம்பாட்டிபிலிட்டி மோட் எல்லாவற்றுக்கும் மருந்து என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது செய்வது இதுதான்: பழைய புரோகிராம் "நீ எந்த விண்டோஸ்?" என்று கேட்டால், "நான் எக்ஸ்பி" என்று பொய் சொல்லும், கூடவே சில பழைய பழக்கங்களை நடித்துக் காட்டும். எண்ணை மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பும் செட்டப்புக்கு இது போதும். 32 பிட் மீட்டரை 64 பிட்டாக மாற்ற எந்தப் பொய்யாலும் ஆகாது.

டிரைவர் விஷயத்தில் பொய்யே எடுபடாது. டிரைவர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடிமடியில் ஓடுவதால், 64 பிட் விண்டோஸ் அதற்குக் கையெழுத்துச் சான்று கேட்கும். 2003-ல் வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் சிடியைப் பலர் இன்னும் வைத்திருக்கிறார்கள். அதன் நகல் தடுப்பு, சேஃப்டிஸ்க் என்ற முறையின் டிரைவரை நம்பியது. பாதுகாப்புக் காரணத்தால் விண்டோஸ் 10 அந்த டிரைவரை ஏற்கவில்லை. சிமுலேட்டரே எழாதபோது அதன் ஆட்-ஆன்களைப் பேசிப் பயனில்லை. 15 முனை கேம் போர்ட்டில் சொருகும் பழைய ஜாய்ஸ்டிக்கின் கதையும் விஸ்டாவோடு முடிந்தது. யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் வாங்குவதுதான் வழி.

காசு கொடுத்து ஆட்-ஆன் வாங்கும் முன் நான் பார்ப்பது: எந்தச் சிமுலேட்டர், அதில் எந்தப் பதிப்பு. விண்டோஸ் பெயர் அதற்கு அப்புறம்தான். "விண்டோஸ் 11-ல் ஓடும்" என்று மட்டும் போட்டுவிட்டுச் சிமுலேட்டர் பதிப்பைச் சொல்லாத விளம்பரத்தை நான் நம்புவதில்லை. இன்னொரு பக்கம், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டதே என்று அலற வேண்டியதும் இல்லை. ஆதரவு முடிவது என்றால் இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல் வராது. நேற்று ஓடிய ஆட்-ஆன் அதனால் இன்று நின்றுவிடாது. இனி வரப்போகும் புது ஆட்-ஆன்தான் மெல்ல மெல்ல அந்த ஸ்டேஷனில் நிற்காமல் போகும்.

மருமகனுக்கு என்ன செய்தோம் என்றால், அந்த விமானத்தின் பேனல் கோப்பை நோட்பேடில் திறக்கச் சொன்னேன். எந்த இடத்தில் எந்த மீட்டர் என்று வரிவரியாக அதில் எழுதியிருக்கும். ஜிஏயு மீட்டர்களைக் கேட்கும் வரிகளை எடுத்துவிட்டு, சிமுலேட்டரோடு வந்த சின்ன விமானத்தின் எக்ஸ்எம்எல் மீட்டர்களை அந்த இடங்களில் எழுதினான். வேறு விமானத்து மீட்டர்தான், அளவுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் முள் நகர்ந்தது. மறுநாள் சாயங்காலமே திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டுப் படம் அனுப்பினான். பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்தில் ஒரு வட்டம் இன்னும் கறுப்பாக இருந்தது. அது என்னடா என்றேன்.

"பெட்ரோல் மீட்டர் மாமா. அதுக்குப் பொருத்தமா ஒண்ணும் கிடைக்கல. பரவால்ல, ஃபுல் டேங்க் அடிச்சிட்டுத்தான் கிளம்புறேன்."